அம்மாவுக்குக் கப்பல் பேசிய கதை

நான் வேலை செய்த கம்யூனிகேஷன் கடை பண்டாரவளை பஸ் நிலையத்துக்கு எதிரே மாடியில் இருந்தது. வெளிநாட்டுக்குப் பேச வருகிறவர்களுக்காக உள்ளே இரண்டு கண்ணாடிக் கூண்டுகள். கதவைச் சாத்திக்கொண்டால் வெளியே கேட்காது என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள். எனக்கு எல்லாம் கேட்கும். சவூதியில் இருக்கும் மனைவியிடம் கூரைத் தகடு போட்டாயிற்று என்று சொல்லுவான் ஒருவன். அவன் வீட்டை நான் பஸ்ஸில் தினமும் கடந்து வருவேன், கூரை இருக்கவேண்டிய இடத்தில் வானம்தான் இருக்கும். நிமிடத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துப் பொய் சொல்லும் மனிதர்களை வருடக் கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தால் யாருக்கும் என் புத்திதான் வரும். சந்தேகப் பிராணி என்று முதலாளியே என்னைக் கூப்பிடுவார். அதை நான் வசவாக எடுத்துக்கொண்டதில்லை.

அக்கா லண்டனிலிருந்து அந்தக் கடைக்குத்தான் போன் எடுப்பாள். குவைத்துக்கு வீட்டு வேலைக்கென்று போனவள். அந்த வீட்டுக்காரர்களோடு லண்டனுக்குப் போய், அங்கேயே தங்கி, அங்கேயே ஒரு யாழ்ப்பாணத்துக்காரரைக் கல்யாணமும் செய்துகொண்டாள். போய்ப் பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஒருமுறைகூட ஊருக்கு வரவில்லை. அத்தானை நாங்கள் படத்தில்தான் பார்த்திருந்தோம். சண்டை நின்றுபோய், ரோட்டில் சோதனைச் சாவடிகளை எடுத்திருந்த காலம் அது. எல்லோரும் சமாதானம் சமாதானம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதையும் நான் முழுதாக நம்பவில்லை.

"சின்னவளே, நாங்க லீவுக்கு வர்றோம்," என்றாள் அக்கா. "ஒரு வாரத்துக்குக் கப்பல் பேசணும். நீதான் அங்கேருந்து விசாரிச்சு எல்லாம் ஏற்பாடு பண்ணணும்."

"எந்த ஊருக்குப் போற கப்பலு?"

"எந்த ஊருக்கும் இல்ல. பாய் கட்டின சின்னக் கப்பலு. நமக்கே நமக்குன்னு. நீ, நான், அம்மா, அவரு, நாலே பேரு. ஓட்டுறதுக்கு ஒரு கேப்டன், சமைக்கிறதுக்கு ஒரு ஆளு, கயிறு இழுக்க ஒரு ஆளு, அவங்களும் கப்பலோடயே வருவாங்க. நம்ம ஒரு துரும்பையும் எடுத்து அங்கிட்டு வைக்க வேணாம்."

"அப்ப நம்ம என்னா செய்யிறது?"

"சும்மா இருக்கிறதுதான்."

நாற்பது வருடமாகத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற எங்கள் அம்மாவைக் கடலுக்கு நடுவில் கொண்டுபோய்ச் சும்மா உட்காரவைப்பதற்கு மூன்று ஆம்பளைகளைக் கூலிக்குப் பிடிப்பதாம். சோழியன் குடுமி சும்மா ஆடுமா?

"ஏர்போர்ட்லேருந்து நேரா காலிக்கு வந்துருவோம். நீயும் அம்மாவும் அங்க வந்துருங்க. அங்கேருந்துதான் ஏறுறது. எறங்கினதும் திரும்ப நேரா ஏர்போர்ட்."

"வீட்டுக்கு?"

"அடுத்த தடவ பாப்போம். அவருக்கு லீவு கம்மி."

ஒரு வாரம் கடலில் மிதக்க லீவு உண்டு, பண்டாரவளைக்கு வந்து பூனாகலை ரோட்டில் ஏறிவர லீவு இல்லை. அங்கேயே எனக்குப் புரிந்துவிட்டது. தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தை அத்தானுக்குக் காட்ட அக்காவுக்கு வெட்கம். ஒரு முன்வாசல், ஒரே அறையாக ஒரு காம்பரா, பின்னால் புகை அடைந்த குசினி. அதை அவர் பார்த்துவிட்டால் தன் மானம் கப்பலேறிவிடும் என்று பயந்து, மானத்துக்குப் பதிலாக எங்களைக் கப்பலேற்றப் பார்க்கிறாள். எனக்குக் கோபம் வந்தது. அந்தக் காம்பராவில்தான் அவளும் பிறந்தாள்.

அந்தக் காம்பராவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அது எங்களுடையது அல்ல, தோட்டத்துடையது. அம்மாவின் பேர் செக்ரோல் என்ற வேலையாள் பதிவேட்டில் இருக்கும் வரைக்கும்தான் நாங்கள் அதில் இருக்கலாம். அப்பா இல்லை, அக்கா போய்விட்டாள், நான் டவுனில் வேலை செய்கிறவள். ஆகவே காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் கூப்பிடப்படும் அம்மாவின் பேர் ஒன்றுதான் எங்கள் தலைக்கு மேலே இருந்த கூரை. பேரை வெட்டிவிட்டால் காம்பராவை விடவேண்டும். வெட்டிய பேரை மறுபடி பதிய மாட்டார்கள். ஒரு வாரம் அம்மா வேலைக்கு வரவில்லை என்றால் அதையே சாக்காக வைத்து வெட்டிவிடுவார்களோ என்பதுதான் கப்பல் என்றதும் எனக்கு வந்த முதல் பயம். மூழ்கிவிடுவோமோ என்பதெல்லாம் பிறகுதான் தோன்றியது.

அன்று சாயந்திரம் அம்மாவிடம் சொன்னேன். கப்பல் என்றுதான் சொன்னேன். வேறு என்ன சொல்வது? படகு என்றால் மீன் பிடிக்கிறது. பத்திரிகையில் உல்லாசப் படகு என்று போடுவார்கள், ஆனால் உல்லாசம் என்பது எங்கள் லயத்தில் நல்ல பெண்கள் வாயால் சொல்லும் வார்த்தை அல்ல. ஆகவே அக்கா சொன்ன சொல்லையே நானும் சொன்னேன்.

"அக்கா கப்பல் பேசச் சொல்லியிருக்கு. நம்மளக் கூட்டிட்டுப் போகுதாம். ஒரு வாரம்."

அம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"கப்பலா?"

"ஆமா."

"ஒரு வாரமா?"

"ஒரு வாரந்தான்."

அம்மா தலையை ஆட்டிவிட்டு ரொட்டியைக் கல்லில் போட்டாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. நல்லவேளை, அம்மா தொல்லை பண்ணவில்லை என்று நினைத்துக்கொண்டு நான் மற்றவர்களைச் சந்தேகப்படப் போய்விட்டேன்.

முதலில் அத்தான். அவரோடு நான் முதன்முதலாகப் பேசியது அந்த வாரம்தான். "நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதையுங்கோ. எல்லாத்தையும் அவையள் பாப்பினம். நீங்கள் வந்து ஏறினாக் காணும்," என்றார். எங்கள் பள்ளிக்கூடத்தில் யாழ்ப்பாணத்து டீச்சர்மார் இருந்ததால், காணும் என்றால் போதும் என்று அர்த்தம் என எனக்குத் தெரியும். தெரிந்தும் என்ன? எங்கள் பேச்சுக்குப் பழகிய காதில் 'ஏறினால் காணோம்' என்றுதான் விழுந்தது. இரண்டு நாள் அந்தச் சத்தம் தலைக்குள்ளேயே இருந்தது. அதோடு இன்னொன்றும் கேட்டார். "அம்மாவின்ரை வீட்டிலை எத்தினை அறை? ஆக்கள் வந்தால் படுக்க இடம் இருக்கோ?" எங்கள் அறைக் கணக்கு இவருக்கு எதற்கு? நான் போதுமான அளவு இருக்கிறது என்று சொல்லிவைத்தேன்.

அடுத்தது கப்பல்காரர். காலியில் வெளிநாட்டுக்காரர்களுக்குக் கப்பல் பிடித்துக் கொடுக்கும் ஒரு சிங்களத் தரகர். ஊரின் பேரே காலி, சகுனம் எப்படி என்று பாருங்கள். போனில் என்னை 'நங்கி, நங்கி' என்று தங்கை முறை வைத்துக் கூப்பிட்டார். ஆற்றைக் கடக்கும் வரைக்கும் அண்ணன் தம்பி என்பார்கள், இவர் கடலையே கடக்கிற ஆள். கடை கம்ப்யூட்டருக்குப் படங்கள் அனுப்பினார். நான் கலரில் அச்செடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றில் பாய் வெள்ளை, மற்றதில் நீலக் கோடு. ஒன்றில் படுக்கை விரிப்பு பூப் போட்டது, மற்றதில் இல்லை. உடனே கூப்பிட்டேன்.

"இது ரெண்டும் ஒரே கப்பல்தானா?"

"ஒன்றுதான் நங்கி. பாய் கிழிந்தது, மாற்றினோம்."

"ஏன் கிழிந்தது?"

"காற்று நங்கி," என்றார்.

எந்த மாதம் தெற்குக் கடல் அமைதி, எங்கே நங்கூரம் போடுவது, வெலிகம குடாவில் ஒரு ராத்திரியா இரண்டா என்றெல்லாம் அவர் ஆசையோடு சொல்லிக்கொண்டு போனார். நான் எழுதிக்கொண்டது, கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே போவீர்களா என்ற கேள்விக்கு அவர் சொன்ன பதிலைத்தான். தெரியும் என்றார். எப்போதுமா என்றேன். பெரும்பாலும் என்றார்.

பிறகு கப்பல்காரர்கள் ஒரு படிவம் அனுப்பி எங்களைக் கேட்க ஆரம்பித்தார்கள். வருகிறவர்களுக்கு என்ன பிடிக்கும், என்ன ஆகாது, யாருக்கு என்ன நோய், நீந்தத் தெரியுமா, யாரோடு யார் படுப்பது, ஏதாவது நடந்தால் யாருக்கு அறிவிப்பது. அதை வாசித்து எனக்கு வியர்த்துவிட்டது. இருந்தாலும் அம்மாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"என்னா சாப்பாடு பிடிக்கும்னு கேக்குறாங்க."

"குடுக்கிறதத் திங்கிறேன்னு சொல்லு."

"என்னா சீக்கு இருக்கு?"

"இப்பயும் அதக் கேக்குறாங்களா?" என்றாள் அம்மா. 'இப்பயும்' என்றது என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. "மூட்டு வலிய எழுதாத. அதுக்கு அனுப்பாம வெச்சிருவாங்க. அப்புறம் நீங்க ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்."

"தனி ரூம் வேணுமான்னு கேக்குறாங்க."

"எனக்கு என்னாத்துக்குத் தனி ரூம்? எல்லாரும் எங்க படுக்கிறாங்களோ, அங்கயே ஒரு ஓரமாப் படுத்துக்கிறேன்."

அம்மாவுக்கு லீவு கேட்கக் கணக்கப்பிள்ளையிடம் போனேன். செக்ரோல் அவர் கையில்தான் இருந்தது. எதையும் நேராகப் பார்க்காத மனிதர். ஆளிடம் பேசும்போதும் அவர் கண் பக்கத்தில் இருக்கும் தேயிலைச் செடியைத்தான் பார்க்கும்.

"எங்க போறீங்க?"

"காலிக்குங்க."

"அங்க யாரு இருக்கா?"

"தெரிஞ்சவங்க."

"ம்," என்றார். அந்த ஒரு 'ம்' எனக்குப் பிடிக்கவே இல்லை. காம்பராவுக்கு ஆள் பார்த்து வைத்திருக்கிறார் போல என்று நினைத்தேன். அவருடைய மச்சினனுக்குக் கல்யாணம் ஆகி, இடமில்லாமல் இருப்பது தோட்டத்துக்கே தெரியும்.

அதன் பிறகு வீட்டில் சாமான் குறையத் தொடங்கியது. ஒரு நாள் வேலை முடிந்து வந்தால் எங்கள் கோழிகள் பக்கத்துக் காம்பரா அக்காவின் கூடைக்குக் கீழே நிற்கின்றன. நான் போய்ச் சண்டை பிடித்தேன். "நான் எடுக்கல பாப்பா, ஒங்கம்மாதான் வெச்சிக்கச் சொல்லுச்சு," என்றாள் அவள். அம்மாவைக் கேட்டால், "நம்ம இல்லாதப்ப யாரு தீனி போடுவா?" என்றாள். நியாயம்தான். இரண்டு நாள் கழித்து எங்கள் ஆட்டுக்கல்லைக் காணவில்லை. அதுவும் அந்த வீட்டு வாசலில் இருந்தது.

"ஆட்டுக்கல்லுக்குமா தீனி போடணும்?" என்றேன்.

"அவ கல்லு தேஞ்சு போச்சு. கெடக்கட்டும் விடு," என்றாள் அம்மா.

பக்கத்துக் காம்பரா அக்கா அம்மாவை ஏதோ பேசி மயக்குகிறாள் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. நாங்கள் இல்லாத வாரத்தில் மிச்சத்தையும் வழித்துக்கொண்டு போவார்கள். லயத்துப் பெண்கள் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்துவதும், ஒருத்தி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்குவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. பண்டாரவளையில் பெரிய பூட்டாகப் பார்த்து ஒன்று வாங்கி வந்தேன். அம்மா அந்தப் பூட்டை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

படத்தை நம்பி அம்மாவைக் கடலில் இறக்க முடியாது என்று நானே காலிக்குக் கிளம்பினேன். கோட்டைக்குள்ளே முதலாளியின் தங்கச்சி வீடு இருந்தது, ராத்திரி அங்கே தங்கலாம் என்று அவரே சொன்னார். வெல்லவாயவில் பஸ் மாறி, மாத்தறையில் மாறி, கடலை முதன்முதலாகப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவ்வளவு தண்ணீர் ஒரே இடத்தில் இருப்பது நியாயமாகத் தோன்றவில்லை.

துறைமுக வாசலில் ஒரு பொலிஸ்காரர் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். பதுளை மாவட்டம், தோட்டத்து விலாசம், தமிழ்ப் பேர், பார்க்க வந்தது கப்பல். அவர் முகத்தில் நான் என் முகத்தையே பார்த்தேன்.

"எந்த நாட்டுக்கு? கள்ளமாக இத்தாலிக்கா?" என்றார் சிங்களத்தில்.

"வெலிகமவுக்கு."

"வெலிகமவுக்கு பஸ் இருக்கிறதே?"

"இருக்கிறது. எங்கள் அக்காவுக்குக் கப்பலில்தான் போகவேண்டுமாம்."

அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருடைய நிலையில் நான் இருந்திருந்தால் என்னை உள்ளே விட்டிருக்க மாட்டேன். தரகர் வந்து கையோடு கூட்டிக்கொண்டு போனார்.

கப்பல் இருந்தது. நீலக் கோடு போட்ட பாய் சுருட்டிக் கட்டியிருந்தது. நான் பலகையைத் தட்டிப் பார்த்தேன். மிதவைச் சட்டைகளை எண்ணினேன். குடிதண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தேன். சமையல்காரரின் நகத்தைப் பார்த்தேன். ஒடிசலான, நரைத்த மனிதராக இருந்த கேப்டனிடம் ஒரு முடிச்சைப் போட்டு அவிழ்த்துக் காட்டச் சொன்னேன். அவர் சிரிக்காமல் செய்து காட்டினார். பிறகு கொஞ்ச நேரம் முன்பக்கத்தில் உட்காரச் சொன்னார். கப்பல் கட்டியபடியே மெதுவாக ஆடியது. காற்று அடித்தது. யாரும் என்னை எந்த வேலையும் செய்யச் சொல்லவில்லை. எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததுதான் இன்னும் சந்தேகமாக இருந்தது. ஆனாலும் குற்றம் சொல்ல ஒன்றும் கிடைக்காமல், அம்மாவை இங்கே உட்காரவைக்கலாம் என்று முதல் தடவையாக நினைத்தேன். அந்த நினைப்பில் சந்தோஷம் இருந்தது. பேசி முடித்துவிட்டு மறுநாள் பஸ் ஏறினேன்.

தோட்டத்துக்கு ஏறும் முச்சந்தியில் கணக்கப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். எனக்காகத்தான் நின்றிருக்கிறார் என்று தெரிந்தது.

"புள்ள, ஒங்கிட்ட ஒண்ணு கேக்கணும்," என்றார், செடியைப் பார்த்துக்கொண்டு. "நேத்து ஒங்கம்மா வெத்தல பாக்கோட வந்து, பேர வெட்டிருங்கன்னு சொல்லிருச்சு. கப்பலுக்குப் போறோம், காம்பராவ ஒப்படைச்சிடுறேன்னு. நெசந்தானா?"

வேலியோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். கப்பல். கப்பலுக்குப் போவது. எங்கள் தோட்டத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் இருந்தது. குடியுரிமை இல்லையென்று, இந்தியாவுக்குப் போகச் சொல்லி அரசாங்க எழுத்து வந்தவர்கள், பேரை வெட்டிவிட்டு, கோழியையும் ஆட்டுக்கல்லையும் பக்கத்தில் கொடுத்துவிட்டு, சீக்குச் சோதனையும் முடித்து, கப்பல் பிடிக்கத் தலைமன்னாருக்கு ரயில் கோச்சி ஏறினார்கள். கப்பலுக்குப் போவது என்றால் அது. நான் பிறந்த பிறகும் அது நடந்துகொண்டிருந்தது. இத்தனை நாளும் அந்தச் சொல்லை நானே அம்மாவின் காதில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். கோழி, கல், மூட்டு வலி, பீலியடியில் கையைப் பிடித்துக்கொண்டு கலங்கியவள், எல்லாம் ஒன்றாக வந்து நெஞ்சில் இடித்தன.

"வெட்டிட்டீங்களா?" என்றேன்.

"வெட்டல."

"ஏங்க?"

"எனக்குச் சந்தேகம்."

"என்னா சந்தேகம்?"

"கோவிச்சுக்காத புள்ள. ஒம்மேலதான்." அப்போதுதான் அவர் என்னை நேராகப் பார்த்தார். "இப்ப ஏது கப்பலு? அதெல்லாம் நின்னு எத்தன வருசமாச்சு? நீ காலிங்கிற, ஒங்கம்மா கப்பலுங்குது, பெரிய பூட்டா வாங்கிட்டு வர்றங்கிறாங்க. டவுன்ல வேலை செய்யிற புள்ள, காம்பராவ முடிச்சிட்டு, பேரு வெட்டினா வர்ற காச வாங்கிக்கிட்டு, கெழவிய எங்கயாச்சும் ஏத்தி விட்டுட்டுப் போயிருமோன்னு நெனைச்சேன். நீ வந்ததும் மூஞ்சியப் பாத்துக் கேட்டுட்டுத்தான் எழுதுறதுன்னு வெச்சிருந்தேன்."

கோபத்தில் காது சூடாகிவிட்டது. பெற்ற தாயை ஏற்றிவிடுகிறவள் என்று என் முகத்துக்கு நேரே சொல்கிறார். திட்டுவதற்கு வாயைத் திறந்து, மூடிக்கொண்டேன். இந்த ஆளும் என்னைப் போல ஒரு சந்தேகப் பிராணியாக இருந்ததால்தான் அம்மாவின் பேர் இன்னும் இருந்தது. நம்புகிற மனிதராக இருந்திருந்தால் நேற்றே வெட்டியிருப்பார். "பேரு இருக்கட்டுங்க. நாங்க எங்கயும் போகல," என்றேன்.

"ம்," என்றார் அவர்.

வீட்டில் அம்மா காம்பராவைக் கூட்டிச் சாணம் மெழுகி வைத்திருந்தாள். சேலைகளை மடித்து வேலைக்கு இடுப்பில் கட்டும் ஒரு பழைய படங்குத் துணியில் மூட்டையாகக் கட்டியிருந்தாள். நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் காம்பரா அக்கா எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"ஒரு வாரம்னுதானேம்மா சொன்னேன்!"

"சொன்ன."

"அப்புறம் ஏன் பேர வெட்டச் சொன்ன?"

அம்மா என்னை உட்காரச் சொன்னாள். "ஒங்க சித்தியையும் ரெண்டு மாசம்னுதான் சொல்லி ஏத்துனாங்க," என்றாள். "அவ புருசன் எங்கிட்டயே சொன்னான், போய் ஊரப் பாத்துட்டு வந்துருவோம் மயினின்னு. அந்தக் கோச்சிய அழுகைக் கோச்சின்னு சும்மாவா பேரு வெச்சாங்க? வண்டி கெளம்புற வரைக்கும் அவ சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தா. அவ ஒருத்திதான் அதுல சிரிச்சவ. அப்புறம் ஒரு சேதி இல்ல. இருக்காளா இல்லையான்னு தெரியாது."

சித்தி இந்தியாவில் இருக்கிறாள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சேதியே இல்லை என்று அம்மா சொன்னதே இல்லை.

"அப்ப எங்கிட்டக் கேட்டிருக்கலாமில்ல, என்னா கப்பலுன்னு?"

"கேட்டா என்னா சொல்லுவ? ஒரு வாரம்னு சொல்லுவ." அம்மா கோபமாகப் பேசவில்லை, அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. "பேர வெட்டாமப் போனவங்க காம்பராவ ஒடச்சுத் தொறந்து சாமான வெளிய வீசுனாங்க. நம்ம பேருக்கு அந்த அசிங்கம் வேணாம்னு நானே போயிச் சொன்னேன். புள்ளைங்க ரெண்டும் சேந்து முடிவு பண்ணிட்டா ஏறிக்க வேண்டியதுதான். எங்கிட்டு எறக்குறீங்களோ எறங்கிக்கிறேன்."

நான் அழுதேன். கலர் படங்களை எடுத்து விரித்தேன். இது நான் ஏறிப் பார்த்த கப்பல், இது சமையல்காரர் நிற்கும் இடம், கரை எப்போதும் கண்ணுக்குத் தெரியும், எட்டாம் நாள் நீ பெரட்டுக்குப் போகலாம் என்றேன். அம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பொய்க் கையெழுத்தைப் பார்ப்பது போல நான் பார்த்த அதே பார்வை.

"திரும்பி வர்ற கப்பலுன்னு ஒண்ணு இருக்கா?" என்றாள்.

"இருக்கும்மா."

"எனக்குத் தெரிஞ்சு போனது ஒண்ணும் வரல. ஒங்கக்காவும் வரல." படத்தை என்னிடமே தந்தாள். "அவள இங்க வரச் சொல்லு. காலிக்கு இல்ல, இந்த லயத்துக்கு. போனவ ஒருத்தி திரும்பி வந்து இந்த வாசப்படியில நிக்கிறத நான் கண்ணால பாக்கணும். பாத்துட்டேன்னா எந்தக் கப்பல்ல வேணும்னாலும் ஏறுறேன்."

மறுநாள் கடையிலிருந்து அக்காவுக்கு நானே போன் எடுத்தேன். கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். பேர் வெட்டச் சொன்னதையும், அவள் லயத்துக்கு வந்தால்தான் அம்மா கப்பல் ஏறுவாள் என்பதையும் சொன்னேன்.

"அவரயும் கூட்டிட்டா வரணும்?" என்றாள்.

"கூட்டிட்டுத்தான்."

நான் காத்திருந்தேன். லீவு கம்மி என்பாள், வேன் ஏறாது என்பாள், பதிலுக்கு என்ன சொல்வது என்று தயாராக வைத்திருந்தேன்.

"கக்கூஸ் இன்னும் லயத்துக் கோடியிலதானா?" என்றாள்.

"ஆமா. மழை பேஞ்சா வழுக்கும்."

அக்கா போனைக் கையால் பொத்திக்கொண்டாள். பொத்தினால் கேட்காது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். என் தொழிலே அதுதான். அத்தான் என்னவென்று கேட்டார். அம்மா வீட்டுக்கு வரச் சொல்கிறாள் என்று அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவர் குரல் தெளிவாகக் கேட்டது.

"எத்தினை வருசமாக் கேக்கிறன் உம்மை, கூட்டிக்கொண்டு போம் போம் எண்டு. வீட்டிலை இடமில்லை, கப்பல்லை சந்திப்பம் எண்டு சொன்னது நீர்தானே?"

இவ்வளவு பேரைச் சந்தேகப்பட்டு, இந்த ஒரு மனிதரை நான் சும்மா விட்டிருக்கலாம். அறைக் கணக்கு கேட்டது வந்து படுக்கத்தான்.

அக்கா அழுதுகொண்டே, "வர்றோம்னு சொல்லு," என்றாள்.

அம்மாவிடம் போய்ச் சொன்னேன். "வர்றேன்னுதான் எல்லாரும் சொல்லுறது," என்றாள். மூட்டையை அவிழ்க்கவில்லை.

கப்பலுக்குக் குறித்த நாளுக்கு முந்தின வாரம் அவர்கள் வந்தார்கள். வேன் பாதிக்கு மேல் ஏறாமல், இரண்டு பேரும் மழையில் நடந்து வந்தார்கள். அத்தானின் கால்சட்டை முழங்கால் வரை சேறு. அவர்தான் முன்னால் சிரித்துக்கொண்டு வந்தார். லயமே வெளியே வந்து நின்றது. அக்கா வாசலுக்கு வந்து, படியில் ஏறாமல், மழையிலேயே நின்றாள். உடம்பு வைத்திருந்தது, முடி வெட்டியிருந்தாள், கண்ணாடி போட்டிருந்தாள். நான் போட்டோவில் பார்த்துப் பழகியவள், எனக்கே புதிதாகத்தான் இருந்தாள்.

அம்மா கட்டிப்பிடிக்கவும் இல்லை, அழவும் இல்லை. கிட்டே போய், அக்காவின் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"நீதானா?" என்றாள்.